என் நெஞ்சு உயரத்தில் ஒரு சுவிட்ச்

"என்ன டீச்சர், பந்தல் போடுறீங்க, பத்திரிகையே வைக்கலையே?"

தலையில் புல்லுக்கட்டோடு வாய்க்கால் கரையில் நின்று இப்படிக் கேட்டவர் அமுதா அத்தை. என் கணவருக்கு ஒன்றுவிட்ட அத்தை. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் அவருக்குத் தெரியாமல் நடக்காது. தெரியாமல் ஒன்று நடக்கிறதே என்ற கோபம் குரலிலேயே இருந்தது.

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. எங்கள் மனை முழுக்க ஆளுயரச் சவுக்குக் கம்புகள் நட்டிருந்தோம். மேலே கீற்று இல்லை, வாழைமரம் இல்லை, மைக்செட் இல்லை. தரையெல்லாம் சுண்ணாம்புப் பொடியில் கட்டம் கட்டமாகக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே பக்கத்து வயலிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த வைக்கோல் கட்டுகள். சம்பா அறுவடை முடிந்து, மிஷின் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனவை. அதில் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு என் கணவர் சேகர் காற்றில் கரண்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க அத்தை, காபி சாப்பிடுங்க" என்று வெறும் டம்ளரை நீட்டினார்.

அத்தை புல்லுக்கட்டை இறக்கிவிட்டு நேரே அவரைப் பார்த்து நடந்து வந்தார். நான் போட்ட சத்தத்தில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி பறந்துவிட்டது.

"அத்தை, அது சுவரு! வாசல் இந்தப் பக்கம்!"

அத்தை ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மெல்ல என் கணவரிடம், "ஏப்பா சேகரு, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்.

போன வாரம் என் முதல் இடமாறுதல் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே இருக்கட்டும். இந்த வாரம் வீட்டுக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். தொடரைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்பாதி டீச்சர்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் குள்ளம். பேச்சுக்குச் சொல்கிற குள்ளம் இல்லை. பிறவியிலேயே கைகால் எலும்புகள் நீளாமல் நின்றுபோன குள்ளம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் என் தோளில் கை போட்டு நடக்கலாம், போட்டும் இருக்கிறார்கள். என் கணவர் சராசரிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். நாங்கள் சேர்ந்து நடந்தால் தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்ப்பவர்களுக்கு நான் கையாட்டுவேன். அவர்கள்தான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் என் கை எட்டும் கீழ்ப்பாதியில்தான் எழுதுவேன். மேல்பாதியில் நான் பாடம் நடத்துகிற எல்லா வருடமும் ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் எனக்கு 'கீழ்ப்பாதி டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழாததுபோல இருந்துவிட்டு, தேர்வில் கணக்கை முழுதாகப் போடாதவனைப் பார்த்து, "நான் கீழ்ப்பாதியில எழுதினதை நீ பாதியாவது எழுதக் கூடாதா?" என்று கேட்பேன். அதோடு வகுப்பு அடங்கும்.

வெளியில் சமாளித்துவிடலாம். டவுன் பஸ்ஸில் கம்பி எட்டாவிட்டால் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொள்ளலாம். ஏ.டி.எம்.மில் பின்னால் நிற்பவரிடம் திரையைப் படிக்கச் சொல்லலாம். வீட்டுக்குள் வந்த பிறகும் சமாளிக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

தோசைத் திருப்பியின் இன்னொரு வேலை

கல்யாணமானதிலிருந்து கும்பகோணத்தில் வாடகை வீடுதான். சந்துக்குள் சந்து, ஒட்டி ஒட்டி வீடுகள். எத்தனை வீடு மாறினாலும் சுவிட்ச் போர்டு மட்டும் மாறாது, என் தலைக்கு மேலேயே இருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு பழைய தோசைத் திருப்பியை ஆணியில் மாட்டி வைத்திருப்பேன். அதன் காம்பால் குத்தித்தான் விளக்கைப் போடுவேன். வந்தவர்கள் எல்லாம், "என்ன டீச்சர், ஹால்லயும் தோசை சுடுவீங்களா?" என்று கேட்பார்கள். சிரிப்பேன், என்ன செய்வது?

வாஷ்பேசின் கண்ணாடியில் என் வகிடு தெரியும். அதற்குக் கீழே எனக்கு நெற்றி இருக்கிறது, முகம் இருக்கிறது என்பதைக் கைக்கண்ணாடியில் பார்த்துத்தான் நிச்சயப்படுத்திக்கொள்வேன். கதவின் மேல் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. என் கணவர் தன் உரக்கடை விஷயமாக வெளியூர் போகிற அன்றைக்கு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ் போடுவேன்.

இதையெல்லாம்விடப் படுக்கை அறை விளக்குதான் என்னைப் படுத்தியது. திருப்பிக் காம்பு வழுக்கும், அந்த போர்டு அத்தனை உயரம். படுத்த பிறகு, "என்னங்க, லைட்டு" என்பேன். அவர் எழுந்து அணைப்பார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறதே! என் வீட்டில், என் விளக்கை அணைக்க, நான் ஒருவரிடம் கேட்க வேண்டும். நல்ல மனுஷரிடம் கேட்பதால் கேட்பது சின்னதாகிவிடாது.

ஆகவே, அவர் சொந்த ஊரில் பங்குக்குப் பிரிந்து வந்த மனையில் வீடு கட்டுவது என்று முடிவானதும் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "இந்த வீட்டுல நான் யாரையும் எதையும் போடச் சொல்ல மாட்டேன், அணைக்கச் சொல்ல மாட்டேன், எடுத்துத் தரச் சொல்ல மாட்டேன். எல்லாம் என் கைக்கு எட்டணும்."

"சரி" என்றார் அவர். எப்போதும்போல ஒரே வார்த்தை.

கம்பு நட்ட கதை

மேஸ்திரி கொண்டு வந்த பிளானில் அறைகள் இருந்தன, ஜன்னல்கள் இருந்தன. சுவிட்ச் எங்கே, குழாய் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் பூச்சு வேலை அப்ப பார்த்துக்கலாம் டீச்சர்" என்றார். அதுதான் எனக்குப் பயம். பூச்சு வேலையின்போது பார்த்துக்கொண்டவர்கள் கட்டிய வீடுகளில்தான் நான் இத்தனை காலம் குடியிருந்தேன். சுவர் எழும்பி, குழாய் புதைத்து, வயருக்குச் சுவரில் காடி வெட்டிப் பூசிய பிறகு எதை மாற்ற முடியும்?

"தாள்ல பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியல. நின்னு பார்க்கணும்" என்றேன்.

"சுவரே இல்லாம எங்க நிப்ப?" என்றார் என் கணவர்.

"கம்பு நட்டு நிப்பேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மறுநாளே அவர் பந்தல்காரரிடம் பேசி ஒரு டிராக்டர் நிறையச் சவுக்குக் கம்பு கொண்டு வந்து இறக்கிவிட்டார். பந்தல்காரர் எத்தனை நாளைக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு ஒத்திகை" என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுற்றிலும் உளுந்து முளைத்து வயலெல்லாம் சின்னச் சின்ன இலையாக இருந்தது. ஈரமண்ணும் வைக்கோலும் கலந்த வாசனை. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல, மேஸ்திரி கயிறு கட்டிச் சுண்ணாம்பைத் தூவினார். சுவிட்சும் குழாயும் வரும் இடத்திலெல்லாம் என் கணவர் கடப்பாரையால் குத்திக் கம்பை நட்டார். வைக்கோல் கட்டு ஒன்று அடுப்பானது, ஒன்று பிரிட்ஜ், நான்கைச் சேர்த்துப் போட்டால் கட்டில்.

கோடு போட்டு முடிந்ததும் நான் வாசல் வழியாக உள்ளே போனேன். ஹாலைத் தாண்டி அடுப்படிக்குள் திரும்பினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கூரை இல்லாத அடுப்படியில், வெயிலில், சும்மா குதித்தேன். மேஸ்திரி சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சிங்க் யார் உயரத்துக்கு?

அமுதா அத்தை வந்தது அப்போதுதான். விஷயம் புரிந்ததும் புல்லுக்கட்டை மறந்துவிட்டு வாசல் வழியாக முறைப்படி உள்ளே வந்து பிரிட்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்ததும் பஞ்சாயத்து ஆரம்பமானது.

அடுப்பு மேடை என் இடுப்புக்கு வர வேண்டும் என்றேன். மேஸ்திரி ஒரு செங்கல்லை வைத்து உயரம் காட்டினார். என் கணவர் அதன் முன்னால் நின்று குனிந்து பார்த்தார். அவருக்கு முதுகுவலி உண்டு, உர மூட்டை தூக்கித் தூக்கி வந்தது.

"காலைக் காபி நான்தானே போடுறேன் கலா. தினம் இப்படிக் குனிஞ்சா அப்புறம் நிமிர முடியாது."

"அப்ப காபி மேடை தனி. உங்க உயரத்துக்கு. பில்டரு, பால், சர்க்கரை எல்லாம் அங்க."

"எனக்குக் காபி வேணும்னா?" என்று அத்தை கேட்டார்.

"அவர்கிட்ட கேளுங்க அத்தை. அது அவர் ஏரியா."

அடுத்தது சிங்க். என் உயரத்துக்கு வைங்க என்று மேஸ்திரியிடம் சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று யோசித்து நிறுத்திக்கொண்டேன். எட்டினால் பாத்திரம் கழுவுகிற வேலை என் தலையில் விழுந்துவிடுமே! "சிங்க் அவர் உயரத்துக்கே இருக்கட்டும் மேஸ்திரி" என்றேன். அத்தை சிரித்த சிரிப்பில் வைக்கோல் கட்டு உருண்டு அவரும் உருளப் பார்த்தார்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், ஒண்ணு சொல்லலாமா? நாளைக்கு வீட்டை விக்கணும்னு வந்தா யாரு வாங்குவா?"

"இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள விக்கிறீங்களே! குடியிருக்கத்தான் கட்டுறேன் மேஸ்திரி."

குளியலறைக் கம்பில் கண்ணாடிக்கு இடம் குறித்தோம். நான் என் முகத்துக்கு நேராக ஒரு கோடு போட்டேன், அவர் அவர் முகத்துக்கு நேராக ஒரு கோடு போட்டார். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து மேஸ்திரி நீளமான ஒரே கண்ணாடியாகப் போட்டுவிடலாம் என்றார். கல்யாண போட்டோவைத் தவிர நாங்கள் இருவரும் ஒரே சட்டத்துக்குள் வந்ததில்லை. எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது.

பாபு சொன்ன தண்ணீர்

வயரிங் வேலைக்குப் பேசியிருந்த பாபு பதினொரு மணி வாக்கில் பைக்கில் வந்து இறங்கினார். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தவர். கம்புகளில் நான் சாக்பீஸால் போட்டிருந்த குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகம் மாறுவதைக் கவனித்தேன்.

"டீச்சர், இந்த உயரத்துல பாயிண்ட் வைக்க முடியாது."

"ஏன்?"

"தண்ணி வரும்."

அவர் கையை நீட்டி எதிர் வீட்டைக் காட்டினார். அந்த வீட்டுச் சுவரில் வெள்ளையடித்த பிறகும் போகாத பழுப்புக் கோடு ஒன்று உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் கொட்டி வாய்க்கால் பொங்கினால் இந்தத் தெருவில் தண்ணீர் ஏறும். எல்லா வருடமும் இல்லை. ஆனால் ஏறுகிற வருடம் வீட்டுக்குள் முழங்காலுக்கு வந்துவிடும், சுவரில் ஈரம் அதற்கும் மேலே ஏறும்.

"எதிர் வீட்டுல முதல்ல எல்லாம் கீழதான் இருந்துச்சு. தண்ணி பாயிண்டுக்குள்ள போயி, ஈரச் சுவத்துல கரண்ட் இறங்கிடுச்சு. அந்தக்கா கை வெச்சுட்டாங்க. பொழைச்சதே பெரிசு. அதுலேர்ந்து இந்தத் தெருவுல நான் என் தோளுக்குக் கீழ எந்த பாயிண்டும் வைக்கிறதில்ல. நீங்க என்ன சொன்னாலும் சரி."

பாபுவின் தோள் என் தலைக்கு மேலே இருந்தது.

தண்ணீர் வரும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. அந்த மண்ணில் பிறந்தவர்தானே என் கணவர்? வயலுக்குத் தண்ணீர் வருமா என்று ஆடி மாதம் முழுக்கக் கவலைப்படுகிற ஊர், வீட்டுக்குள் வருவதை வந்தபிறகுதான் நினைக்கும். நாங்களும் அப்படியே கனவு கண்டுவிட்டோம்.

எனக்குக் கோபம் வந்தது. பாபு மேல் இல்லை, அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமானது. "அப்ப நான் இங்கயும் தோசைத் திருப்பியோட அலையணுமா? அதுக்கு எதுக்கு வீடு? கும்பகோணத்துலயே இருந்துடலாமே!" என்று கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை வந்தது. அத்தை எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தார்.

காருக்கு இடம் இல்லை

என் கணவர் மட்டும் வாசல் பக்கமாக நடந்து போய், முன்பக்கத்தில் தனியாக நட்டிருந்த நான்கு கம்புகளின் நடுவில் நின்றார். அது போர்டிகோ. வீட்டில் எனக்கு ஒரு நிபந்தனை இருந்ததுபோல அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு கார் வாங்கி, அதை நிழலில் நிறுத்த வேண்டும். வாங்கப் போகிற காரின் நிறத்தைக்கூட முடிவு செய்து வைத்திருந்தார், அந்த நீலத்தை என்னிடம் பத்துத் தடவை காட்டியிருப்பார்.

"மேஸ்திரி, தரையைத் தூக்கினா என்ன? எதிர் வீட்டுக் கோட்டுக்கு மேல நம்ம தரை இருக்கிற மாதிரி?"

"தூக்கலாம். மண்ணு நிறைய கொட்டணும். ஆனா படி ஏகமா வரும் சார். டீச்சருக்கு..." என்று இழுத்தார்.

அதுவும் உண்மைதான். படி எனக்குச் சுவிட்சைவிடப் பெரிய எதிரி. ஒவ்வொரு படியும் எனக்கு முட்டி உயரம்.

"படி வேண்டாம். சரிவு போடுங்க. நெல் மூட்டையை வண்டியில தள்ளிட்டுப் போற மாதிரி, நீளமா, சாய்வா."

"அவ்வளவு நீளத்துக்கு இடம் எங்க சார் இருக்கு?"

"நான் நிக்கிற இடம் இருக்குல்ல."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அது கார் நிறுத்தற இடமாச்சே!" என்றேன்.

"காரு ரோட்டுல நிக்கட்டும். அது என்ன, நடுராத்திரி எழுந்து லைட்டா போடப் போவுது?"

சொல்லிவிட்டுத் தானே குனிந்து முதல் கம்பைப் பிடுங்கினார். மண் நெகிழ்ந்திருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. அந்த மனுஷரை எனக்கு அன்றைக்குப் பிடித்ததுபோல என்றைக்கும் பிடித்ததில்லை. இதை அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பாபு கொஞ்ச நேரம் எதிர் வீட்டுக் கோட்டையும் எங்கள் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். தரை அந்த உயரத்துக்கு வந்தால் சம்மதம் என்றார். அதோடு நிறுத்தவில்லை. வயரெல்லாம் கூரை வழியாக மேலிருந்து இறங்கும், கீழ் பாயிண்டுகளுக்குத் தனி லைன், தண்ணீர் வாசலை எட்டினாலே ஒரே சுவிட்சில் அந்த லைன் முழுவதையும் நிறுத்திவிடலாம் என்று அடுக்கினார்.

"அந்த ஒரே சுவிட்ச் எங்க இருக்கும்?" என்றேன்.

"மெயின் போர்டுல, மேல..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கைக்கு எட்டுற மாதிரியே டீச்சர்" என்று முடித்தார்.

படுக்கை அறைக் கம்பு

அதன் பிறகு வேலை பறந்தது. தரை உயர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, நாங்கள் நிற்கிற மண்ணையே புதுத் தரையாக வைத்து, குறிகளை மறுபடி சரிபார்த்தோம். ஹால், அடுப்படி, குளியலறை, வாசல் தாழ்ப்பாள். அத்தை புல்லுக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஒவ்வொரு கம்பாக என்னோடு வந்தார்.

கடைசியில் படுக்கை அறை. பாபு சாக்பீஸோடு கம்பின் பக்கத்தில் நின்றார்.

"இது மட்டும் அளவு பார்த்து வைக்கக் கூடாது டீச்சர். இருட்டுல தடவுற இடம். கண்ணை மூடிக்கிட்டு சுவிட்ச் போடுற மாதிரி கையை நீட்டுங்க. கை எங்க போவுதோ அங்க குறிச்சுக்கிறேன்."

கண்ணை மூடினேன். வெயில் இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. கையை நீட்டினேன். கம்பு விரலில் பட்டது. சாக்பீஸ் உரசுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தேன். கை தலைக்கு மேலே, தோள் காதை இடிக்கும் அளவுக்கு நீண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பாபு சாக்பீஸை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனையில், என் கம்பில், யாருமே உயரம் சொல்லாத இடத்தில் என் கை தானாகவே மற்றவர்கள் வைத்த உயரத்துக்குப் போயிருந்தது.

"இன்னொரு தடவை" என்றேன்.

மூடினேன். மறுபடியும் கை மேலேதான் கிளம்பியது. பாதியில் பிடித்து நிறுத்தி, கீழே இறக்கினேன். குதிகால் மண்ணில் படிந்தது. முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு நேராக விரலை வைத்தேன். அங்கே ஒரு சுவிட்ச் இருக்கலாம் என்று என் கைக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"இங்க" என்றேன்.

பாபு குனிந்து, அந்த இடத்தில் பட்டையாக ஒரு சதுரம் போட்டார். நான் அதற்கு நடுவில் விரலை வைத்து அழுத்தினேன். சும்மா ஒரு சாக்பீஸ் கட்டம்தான், ஆனாலும் அழுத்தினேன்.

பின்னால் வைக்கோல் சரசரத்தது. திரும்பிப் பார்த்தால், நான்கு கட்டுகளைச் சேர்த்துப் போட்டிருந்த கட்டிலில் என் கணவர் நீட்டிப் படுத்துவிட்டிருந்தார். துண்டை எடுத்துக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டார்.

"கலா, கண்ணு கூசுது. கொஞ்சம் லைட்டை அணையேன்."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.